புதுத் தொட்டியில் மீன் செத்தால் முதலில் மருந்துக் குப்பியைத் தேடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே மீன்தொட்டி வைத்துக் கொடுப்பது எப்படி என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் நன்றாக இருந்தது. தொட்டி எந்த இடத்தில் வைப்பது, கல் எவ்வளவு போடுவது என்பதெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் கீழே கட்டம் கட்டி, மீன் மந்தமாக இருந்தால் என்ன செய்வது என்று நாலு வரி இருந்ததே, அதைப் படித்ததும் பகீரென்றது. தண்ணீர் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள், கல்லையும் பில்டரையும் வெந்நீரில் கழுவுங்கள், புதுத் தண்ணீர் நிரப்பி நீல மருந்து சில சொட்டு விடுங்கள் என்று போட்டிருக்கிறது. ஆறு மாதம் ஓடிய தொட்டிக்கே இது ஆகாத வேலை. தொட்டி வைத்துப் பத்து நாள்கூட ஆகாத வீட்டில் இதைச் செய்தால் மிச்சம் இருக்கிற மீனும் போய்விடும். அந்த நாலு வரியை மட்டுமாவது திருத்திப் போடுங்கள் என்று கேட்கத்தான் எழுத ஆரம்பித்தேன், எழுதி முடிக்கும்போது நீளமாகிவிட்டது. வேண்டாததை வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் வடசென்னைக் கொடுங்கையூரில் மொட்டைமாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, பிளாட்டி வளர்த்துக் கொளத்தூர் வண்ண மீன் கடைகளுக்குப் போடுகிறவன். அதனால் மீன் எங்கள் கையை விட்டுப் போகும்போது எப்படி இருக்கிறது, கடையில் எப்படி இருக்கிறது, வாங்கிக்கொண்டு போனவர் வீட்டில் என்ன ஆகிறது என்று மூன்றும் எனக்குக் கொஞ்சம் தெரியும். மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் பேச்சு. தெருவில் யார் வீட்டில் மீன் மிதந்தாலும் எனக்குத்தான் போன் வரும். எம்.கே.பி. நகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாருடைய கதையும் இதுதான்.

"அண்ணா, கடையில மருந்து குடுத்தாங்க, ஊத்திட்டேன். இன்னும் மேல மேல வந்து வாயத் தொறந்து மூடுதுண்ணா."

"தொட்டி வெச்சு எத்தன நாள் ஆச்சு?"

"போன சனிக்கிழமைதாண்ணா."

"என்னென்ன மீன் விட்டிருக்க?"

"ரெண்டடி தொட்டி. எட்டு கோல்டு, ரெண்டு ஷார்க், ஒரு டேங்க் கிளீனர்."

இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ரெண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் விளிம்பு வரை நிரப்பினாலும் 56 லிட்டர்தான். கல்லும் மேலே விடுகிற இடமும் போக 45 லிட்டர் தேறினால் அதிகம். அதில் பதினோரு மீன், அதுவும் கோல்டு மீன். கோல்டு மீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். அந்த ஷார்க் என்று விற்பது சுறாவே இல்லை, பங்காசியஸ் என்கிற கெளுத்தி இனம், வளர விட்டால் ஒரு மீட்டரைத் தாண்டும். சரி, அது வேறு வயிற்றெரிச்சல்.

புதுத் தொட்டியில் முதல் மாதம் சாகிற மீன்களில் பெரும்பாலானவை கிருமியால் சாவதில்லை, தாங்கள் கழித்த கழிவில் சாகின்றன. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தின்னாமல் அடியில் கிடந்து அழுகும் தீனியும் அம்மோனியாவாகத்தான் மாறும். ஏரியில் இதைத் தின்று தீர்க்கிற பாக்டீரியா கோடிக்கணக்கில் இருக்கிறது. ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அம்மோனியாவும் விஷம், நைட்ரைட்டும் விஷம். நைட்ரேட் அளவுக்கு மீறினால்தான் தொந்தரவு, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அது போய்விடும். இந்த ரெண்டு கூட்டமும் குடியேறும் இடம் பில்டர் ஸ்பாஞ்சும் கல்லும். காலித் தொட்டியில் அவை வளர்ந்து நிலைக்க நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பதினோரு மீனை விட்டால், கழிவறை கட்டி முடிக்காத வீட்டில் கல்யாணக் கூட்டத்தைத் தங்க வைத்த கதைதான்.

இப்போது உங்கள் கட்டத்தில் எழுதியதைப் பாருங்கள். வெந்நீரில் பில்டரைக் கழுவினால் அதுவரை ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் வெந்து சாகும். குழாய்த் தண்ணீரில் கழுவினாலும் குளோரின் அதைக் கொல்லும். நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்கு நல்ல மருந்துதான், நானும் வைத்திருக்கிறேன், ஆனால் அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அடிக்கும். ஆக மூன்று வேலையும் சேர்ந்து தொட்டியை முதல் நாளுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். புதுத் தண்ணீர் ஊற்றியதும் ஒரு நாள் ரெண்டு நாள் மீன் தெளிச்சியாக நீந்தும். ஆஹா மருந்து வேலை செய்கிறது என்று நினைப்போம். மூன்றாம் நாள் மறுபடி மேலே வந்து வாயைத் திறக்கும். மறுபடி மருந்து, மறுபடி கழுவல். இப்படித்தான் மாசக் கணக்கில் மீன் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படியானால் எது தண்ணீரால் வந்தது, எது நோயால் வந்தது என்று வீட்டில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பது? தண்ணீர்க் கோளாறு என்றால் பெரும்பாலும் எல்லா மீனும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வாடும். மேலே வந்து காற்றைக் குடிக்கும், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், செவுள் கன்றிச் சிவந்து இருக்கும், சில சமயம் நைட்ரைட் ஏறி இரத்தமே பழுப்பாகி செவுளும் பழுப்படிக்கும். நோய் என்றால் ஒன்றிரண்டில் தொடங்கிப் பரவும், உடம்பில் அடையாளம் இருக்கும், புள்ளியோ புண்ணோ பஞ்சோ ஏதாவது. முழு நிச்சயம் வேண்டுமானால் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டுக்கும் சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு நிறம் பார்க்கிற டெஸ்ட் கிட் இருக்கிறது. ரெண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். பாதிப் பேர் கேன் தண்ணீர்க் கடையில் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனாவை முக்கிப் பார்த்துவிட்டு, தண்ணீர் நல்லாத்தான் இருக்கு என்கிறார்கள். அந்தப் பேனா கரைந்த உப்பின் மொத்த அளவைச் சொல்லும், அவ்வளவுதான். அம்மோனியா இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது.

வடசென்னைக்கு என்று ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, பிஎச், அதாவது தண்ணீரின் அமில காரத் தன்மையைச் சொல்லும் எண், எட்டை ஒட்டி நிற்கும். அம்மோனியா தண்ணீரில் ரெண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று அவ்வளவு விஷமில்லை, இன்னொன்று கொடிய விஷம். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷ வடிவத்தில் இருக்காது. அதே வெப்பத்தில் பிஎச் 8 என்றால் ஏழு பங்குக்கு மேல். அதே தீனி, அதே மீன், அதே கழிவு, ஆனால் விஷம் ஒன்பது மடங்கு. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டிலும் மொட்டைமாடிக்குக் கீழ் அறையிலும் தொட்டித் தண்ணீர் 30-ஐச் சாதாரணமாகத் தாண்டும். சூடேறிய தண்ணீரில் பிராணவாயுவும் குறைவு. கோடை விடுமுறையில் தொட்டி வைக்கச் சொல்வதில் இருக்கிற சிக்கல் இது, உங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்காகக் கேன் தண்ணீரை மட்டும் ஊற்றி மீன் வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் வேண்டாம். ஆர்ஓவில் வடித்த தண்ணீரில் தாது உப்பு அநேகமாக இருக்காது, பிஎச் ஒரு நிலையில் நிற்காமல் இறங்கிவிடும், அதிலும் மோலி மாதிரி கடினத் தண்ணீர் மீனுக்கு அது ஆகவே ஆகாது. மெட்ரோ தண்ணீர் வந்தால் அதுவே போதும், ஆனால் குளோரினைப் போக்க வேண்டும். வாய் அகன்ற டிரம்மில் ஒரு நாள் திறந்து வைத்து, முடிந்தால் ஏர் பம்ப் கல்லையும் போட்டு விட்டால் போய்விடும். அவசரமென்றால் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கிற சொட்டு போதும். அந்தக் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ வாங்கிப் போடுவார்கள், ரெண்டும் ஒன்றுதான், சோடியம் தயோசல்பேட். மழைக்காலத்தில் குழாயில் குளோரின் வாடை தூக்கலாக வரும், அப்போது இன்னும் கவனம்.

சரி, மீன் வாயைத் திறந்து மூடுகிறது, இப்போது என்ன செய்வது? தீனியை நிறுத்துங்கள். வளர்ந்த மீன் ரெண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, பிள்ளைகள்தான் அழுவார்கள். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை அடியிலிருந்து டியூப் போட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு, குளோரின் போக்கிய, அதே அளவு சூடுள்ள தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஏர் பம்ப்பை நிறுத்தாதீர்கள். அடுத்த நாளும் இதையே செய்யுங்கள், அம்மோனியா இறங்கும் வரை தினமும். செத்த மீனை உடனே எடுத்துவிட வேண்டும், அது இன்னொரு கழிவு மூட்டை. நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் கல் உப்பைக் கரைத்து விடலாம், உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். பில்டர் ஸ்பாஞ்ச் அடைத்திருந்தால், வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் ரெண்டு பிழி பிழிந்து திரும்ப மாட்டுங்கள். தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடுகிற, நோயில்லாத தொட்டி இருந்தால் அவரிடம் ஒரு பழைய ஸ்பாஞ்ச் துண்டு கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் பில்டரில் செருகுங்கள். பாட்டிலில் அடைத்து விற்கிற எந்தப் பாக்டீரியாவையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

இதற்கெல்லாம் அப்புறம்தான் மருந்து. உண்மையான நோயும் வரத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. புதுத் தொட்டியில் அதிகம் பார்ப்பது வெள்ளைப்புள்ளி, கடைக்காரர்கள் ஒயிட் ஸ்பாட் என்பார்கள். உப்புத் தூவினது மாதிரி உடம்பிலும் துடுப்பிலும் புள்ளி, மீன் கல்லில் போய் உரசிக்கொள்ளும். கார்த்திகை, மார்கழியில் ராத்திரி குளிரும்போது இது கிளம்பும். இந்த ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. பழுத்து உதிர்ந்து, அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று நூற்றுக்கணக்காகப் பிரிந்து, அந்தக் குட்டிகள் அடுத்த மீனைத் தேடி நீந்தும் நேரத்தில் மட்டும்தான் மருந்து பிடிக்கும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்தினால் ஒரு வாரத்தில் பத்து மடங்காகத் திரும்பும். மறைந்த பிறகும் பத்து நாளாவது விடாமல் பார்க்க வேண்டும். சூடு ஏற ஏற அதன் சுற்று வேகமாகும், 30 டிகிரியை ஒட்டி வைத்தால் பெருகுவதும் தடுமாறும். ஹீட்டர் போடுகிறவர்கள் தெர்மோமீட்டரும் போடுங்கள், காற்றைக் கூட்டுங்கள், கோல்டு மீனுக்கு இந்தச் சூடு கஷ்டம் என்பதையும் நினைவில் வையுங்கள். இதோடு லிட்டருக்கு மூன்று கிராம் வரை கல் உப்பு, ஒரே தடவையாக இல்லாமல் ஒன்றரை நாளில் மூன்று பங்காக. அந்தத் தம்பியின் 45 லிட்டருக்கு மொத்தம் 135 கிராம், ஆழாக்கு உப்பெல்லாம் இல்லை, தராசில் நிறுத்துப் போட வேண்டும். செதில் இல்லாத கெளுத்தி வகைக்கும், உயிர்ச் செடிக்கும் இந்த அளவு தாங்காது.

துடுப்பு அழுகி அரித்துப்போவது தண்ணீரைச் சரிசெய்தாலே பாதிக்கு மேல் ஆறிவிடும். வாயிலும் முதுகிலும் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படிந்தால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியாவாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம், காலம்னாரிஸ் என்றால் சூடு ஏற்றுவது இன்னும் கெடுதல். வயிறு வீங்கி செதில் சிலிர்த்து நின்றுவிட்டால் அநேகமாகக் காப்பாற்ற முடியாது. அதைத் தனியே எடுத்து வைத்து நிம்மதியாகச் சாக விடுவதுதான் நல்லது.

மருந்து கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு சின்ன ஸ்பாஞ்ச் பில்டர், ஏர் பம்ப், மூட ஒரு வலை, ஆஸ்பத்திரி தயார். நோய்ப்பட்ட மீனை அதற்கு மாற்றி அங்கே மருந்து. வெள்ளைப்புள்ளி மட்டும் விதிவிலக்கு, அது தொட்டி முழுக்கப் பரவியிருக்கும் என்பதால் பெரிய தொட்டியையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், அதனால்தான் அங்கே உப்பையும் சூட்டையும் முதலில் சொன்னேன். பில்டரில் கார்பன் இருந்தால் மருந்து நாளில் அதை எடுத்துவிடுங்கள், மருந்தை அது உறிஞ்சிவிடும்.

டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே வாங்கிவருகிறார்கள். நம் போர் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மீனுக்குப் போய்ச் சேர்வது சொற்பம். தண்ணீர் மஞ்சளாகி, நல்ல பாக்டீரியா செத்து, மருந்துக்கு அடங்காத கிருமி மிஞ்சுவதுதான் கண்ட பலன். அப்புறம் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில்தான் ஊற்றுகிறோம்.

கடைக்காரர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், என் பிழைப்பும் அவர்களோடுதான். அவர்கள் தொட்டியில் உப்பும் மருந்தும் வேலை செய்வதற்குக் காரணம் வேறு. கடையில் அநேகமாகத் தினமும் தண்ணீர் மாற்றுகிறார்கள், மீனும் சில நாளில் விற்றுப்போகிறது. அம்மோனியா சேர நேரமே இல்லை. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் வாரம் முழுக்கத் தண்ணீர் மாற்றாமல் மருந்தை மட்டும் காப்பி அடித்தால் எப்படி? எங்கள் மாடியிலிருந்து ஆக்சிஜன் கவரில் போகும்போதே மீன் களைத்துத்தான் போகிறது, கடையில் ஒரு மாற்றம், வீட்டில் இன்னொரு மாற்றம். கவர் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள், மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். முதல் மாதம் மூன்று நாலு சின்ன மீனுக்கு மேல் வேண்டாம் என்று விற்கும்போதே சொன்னால் அன்றைக்கு வியாபாரம் குறையும், ஆனால் அந்த வாடிக்கையாளர் மறுபடி வருவார். மூன்று தடவை செத்துப்போனால் தொட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு அதில் வெங்காயம் போட்டு வைப்பார்கள், நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வருவது பெயர் இல்லாத குப்பிகளின் மேல்தான். பச்சை, நீலம், மஞ்சள் என்று சின்னக் குப்பியில் ஊற்றி, ஒரு மூடி விடுங்க சார் என்று கொடுத்துவிடுகிறார்கள். என்ன மருந்து, எத்தனை சதவீதம், எத்தனை லிட்டருக்கு எத்தனை சொட்டு, ஒன்றும் இல்லை. பச்சை என்றால் பல நேரம் மாலசைட் கிரீன். சாப்பிடுகிற மீனில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடையே இருக்கிறது, புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள். அதைக் குழந்தைகள் கையாலேயே ஊற்றுகிறார்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டியில் கை விடுவதும் ஆபத்துதான், மீனிடமிருந்து ஆறாத தோல் புண் தரும் ஒரு பாக்டீரியா நமக்குத் தொற்றும். பிள்ளைகளுக்கு எழுதும் பக்கத்தில் முதலில் இதைத்தான் எழுத வேண்டும்.

ஊர் முழுக்க மீன் விற்கிறோம், மீனுக்கு வைத்தியம் கேட்க இடமில்லை. நாய்க்கும் பூனைக்கும் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. மீனுக்கென்றால் மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது, பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, ரெண்டும் நம் பக்கம்தான். அங்கே படிக்கிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசை போட்டு, ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்தால் அம்மோனியா பார்த்துச் சொன்னால் போதும். வில்லிவாக்கத்தில் கட்டியிருக்கும் வண்ண மீன் வர்த்தக மையத்தில் அந்த மேசைக்கு ஓர் ஓரம் கொடுப்பது பெரிய காரியம் இல்லை. பாதி மருந்து விற்பனை அன்றைக்கே நின்றுபோகும் என்று கடைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. நோய்ப்பட்ட மீனையும் பெரிதாகிவிட்ட மீனையும் புழல் ஏரியிலோ ரெட்டேரியிலோ கொண்டுபோய் விடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டும். டேங்க் கிளீனர் என்று வாங்குகிற அந்தச் சக்கர் மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, நம் ஏரிகளில் பெருகி வலையைக் கிழிக்கிறது, கரையைத் துளைக்கிறது, அதைத் தின்பாரும் இல்லை. வளர்க்க முடியவில்லை என்றால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், பலர் காசு தராவிட்டாலும் மீனை எடுத்துக்கொள்வார்கள். செத்ததைச் செடித் தொட்டியில் ஆழமாகப் புதையுங்கள்.

இப்படிக்கு,
மீன் வளர்ப்பவன், கொடுங்கையூர்